பதிமூணு அறுபது

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. எட்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு. பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று சொன்னவர்கள் அந்த மூன்றாம் மாடியில் கால் வைத்ததில்லை. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நான் பயத்தில் எழுதவில்லை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

கட்டடங்களை அளந்து பிளான் வரைவது என் தொழில். லைசென்ஸ் உண்டு. என் கையெழுத்து இருந்தால் பிளான் செல்லும். கூட வருபவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். டேப்பின் பெட்டி என் கையில் இருக்கும், முனை அவர் கையில். நான் எண்ணைப் படித்துக் கூவுவேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நோட்டில் எழுதுவார். திருப்பிச் சொல்லாத அளவு அளவே இல்லை. எங்கள் தொழிலில் இது வேதவாக்கு.

அந்தக் கட்டடத்துக்கு வயது நூறுக்கு மேல். முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அப்புறம் ரேஷன் அலுவலகம், அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி, அப்புறம் ஒரு கோச்சிங் சென்டர். இப்போது லாட்ஜ் ஆகப்போகிறது, அறுபத்திரண்டு அறைகள். ஒவ்வொரு தடவையும் போர்டு மாறியது, பெயிண்ட் மாறியது, தெருவின் பெயர்கூட மாறியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் எட்டிப் பார்க்கவில்லை.

ஓனர் பழைய பிளானின் நகலுக்கு நகல் ஒன்றை நீட்டினார். எண்களெல்லாம் மங்கல். கையெழுத்து இருந்த மூலை கருப்பாகிக் கிடந்தது. படிக்கட்டுகள் மட்டும் தெரிந்தன. முன்னால் ஒன்று, வடக்குக் கோடியில் ஒன்று.

"எல்லாம் இதுல இருக்கு சார். சும்மா ஒரு தடவை டேப் பிடிச்சிட்டு, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

சும்மாவாம்! அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

கட்டடத்தில் கரண்ட் இல்லை. மூன்றாம் மாடி வராந்தாவில் ஜன்னலும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்த்தோம். வராந்தாவின் பாதி வழியில் யாரோ பலகைத் தடுப்பு அடித்திருந்தார்கள். அதற்கு அப்பால் உடைந்த நாற்காலிகளும் இருட்டும்தான். தடுப்புக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

மணி 3:05. மச்சான் டேப் முனையோடு தடுப்பின் ஓரமாக உள்ளே நுழைந்தார். காலையிலிருந்தே அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நீங்க ஜன்னலை முடிச்சிட்டு வாங்க மாப்ள" என்று கரகரத்தார்.

பக்கத்து அறை ஜன்னல்களை அளந்துவிட்டு நான் திரும்பியபோது 3:25. டேப் பெட்டி லிஃப்ட் வாசலில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. நாடா தடுப்புக்கு அடியில் புகுந்து, விறைப்பாக நின்றது. மறுமுனையை மச்சான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். குனிந்து படித்தேன். பன்னிரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்.

"பன்னெண்டு நாப்பது!"

தடுப்புக்கு அப்பால் ஓர் இருமல். பிறகு ஒரு கரகரத்த குரல்.

"பதிமூணு அறுபது."

"பன்னெண்டு நாப்பது மச்சான்! காதும் அடைச்சுக்கிச்சா?"

"பதிமூணு அறுபது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இதில் இவர் விளையாட்டு வேறு.

"விளையாடாதீங்க! நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க!"

இருமல். நீளமாக... மூச்சு முட்டுகிற மாதிரி.

"பதிமூணு... அறுபது..."

அப்போது என் போன் அடித்தது. 3:28.

மச்சான்.

"மாப்ள, கீழ வாட்ச்மேன் ரூம்ல இருக்கேன். தொண்டை எரிஞ்சுது, சுடுதண்ணி குடிக்க வந்தேன். உங்களுக்கும் கொண்டாரவா?"

குனிந்து நாடாவைப் பிடித்தேன்.

"டேப்பை யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் இல்லையே. தரையில போட்டுட்டுல்ல வந்தேன்."

நாடா என் கையில் ஒரு முறை வெட்டி இழுத்தது.

பிறகு ஓடத் தொடங்கியது. நான் விடவில்லை. அதுவாகவே ஓடியது. டார்ச் வெளிச்சத்தில் எண்கள் என் கட்டைவிரலைத் தாண்டிப் போயின. பன்னிரண்டு அறுபது... பதிமூன்று... பதிமூன்று முப்பது...

பதிமூன்று அறுபதில் நின்றது.

தொய்ந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் கோபக்காரனுக்குப் புத்தி மட்டு. எவனோ ஒளிந்துகொண்டு என்னோடு விளையாடுகிறான் என்ற ஆத்திரத்தில் தடுப்புக்குள் நுழைந்தேன்.

யாரும் இல்லை. நாற்காலிகள். அதற்கப்பால் சுவர். பிளானில் இருந்த வடக்குப் படிக்கட்டு இல்லை, கதவு இல்லை, வெறும் சுவர். அதன் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒன்று, "அவசர வழி" என்று. அம்புக்குறி சுவரையே காட்டியது.

டேப் முனை சுவரடியில் கிடந்தது. எடுத்தேன். சூடாக இருந்தது. ரொம்ப நேரம் உள்ளங்கைக்குள் இருந்த சூடு.

இடுப்புயரத்தில் சுவர் முழுக்கக் கீறல்கள். பெயிண்ட்டுக்கு அடியில், மெல்லிசாக, நூற்றுக்கணக்கில்.

கிர்ர்...

சத்தம் அந்தக் கீறல்களிலிருந்து வந்தது. இரும்பு, காரையில் தேய்கிற சத்தம்.

கிர்ர்... கிர்ர்...

என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். பெண்.

"இன்னும் ஒண்ணு இருபது... இன்னும் ஒண்ணு இருபதுதான்..."

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. மச்சான் என் முகத்தில் தண்ணீர் தெளித்தபோது 3:34.

பயம் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த கோபம்தான் வடியவில்லை. சாயங்காலமே ஓனர் வீட்டுக்குப் போனேன். நடந்த வேறெதையும் சொல்லவில்லை. வடக்குப் படிக்கட்டு இல்லை, யாரோ சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அது ரேஷன் ஆபீஸ் காலத்து வேலை சார். ஃபைல் அடுக்க இடம் வேணும்னு மாடிக்கு மாடி அடைச்சிட்டாங்க. பிளான்ல இருக்குல்ல? அப்படியே காட்டிடுங்க."

"தீப்பிடிச்சா அறுபத்திரண்டு ரூம் ஜனமும் எந்த வழியா இறங்கும்?"

"அது என் தலைவலி சார். நீங்க ஏன் அலட்டிக்கிறீங்க?"

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "இல்லாத படிக்கட்டை இருக்குன்னு வரைஞ்சு கையெழுத்துப் போட்டான் பாருங்க ஒருத்தன், அவன் கை விளங்காமப் போகட்டும்! அவன் யாருன்னு கண்டுபிடிச்சு நாற அடிக்காம விடமாட்டேன்!"

செவ்வாய்க்கிழமை 11:10க்கு நகராட்சிப் பதிவறையில் நின்றேன். லைசென்ஸ் அட்டையைக் கவுண்டரில் கொடுத்து, அந்தக் கட்டடத்தின் அசல் பிளானைக் கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா தூசி தட்டி எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். மறுபடி பிளானைப் பார்த்தார்.

"ஏன் சார், இது உங்க பேர்தானே?"

என் கையெழுத்து. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

அப்போது லைசென்ஸ் வாங்கிய புதிது. ஒரு பெரிய ஆபீஸில் மேசையை விட்டு எழாமல், பழைய பிளானைப் பார்த்துப் புதுப் பிளான் போட்டு, ஒரு நாளைக்கு எட்டுக் கையெழுத்து. டேப் பிடித்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி குடிவந்த நேரம் அது, தெருவுக்கும் அப்போது வேறு பெயர். சுவர் எழும்பி வருடக்கணக்கான பிறகு அந்தப் படிக்கட்டை வரைந்தவன் நான்தான். லிஃப்டிலிருந்து வடக்குப் படிக்கட்டுக் கதவு வரை, என் கை எழுத்தில், 13.60.

அதோடு சேர்த்துத் தைத்திருந்தது ஒரு விபத்து அறிக்கை, ஒன்றரைப் பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனியில் மூன்றாம் மாடிப் பொறுப்பில் இருந்த பெண். வேலைக்குச் சேர்ந்து பதினாறு நாள். பிற்பகல் 3:25க்குப் புகை. எல்லாரையும் முன்படியில் இறக்கிவிட்டு, மேல்மாடி ஆட்களுக்காக வடக்குக் கதவைத் திறக்கச் சாவியோடு போயிருக்கிறார். கண் தெரியாத புகையில், லிஃப்ட் வாசலில் மாட்டியிருந்த பிளானை நம்பி, அடி எண்ணி நடந்திருக்கிறார். இருமலுக்கு நடுவே ஏதோ ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று சக ஊழியர் சாட்சி. சுவரடியில் அவர் உடலைக் கண்டெடுத்தபோது கையில் சாவி வளைந்திருந்ததாம்.

நான் எழுதிய எண் அது. திருப்பிச் சொல்லத்தான் அவள் காத்திருந்தாள்.

அன்றைக்கே தீயணைப்புத் துறைக்குப் புகார் எழுதினேன். தவறு செய்தவர்கள் என்ற இடத்தில் முதலில் என் பெயர். இன்றுவரை பதில் இல்லை. ஓனர் வேறு ஒருத்தனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்.

போன வாரம் லாட்ஜ் திறந்தார்கள். மச்சான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் மாடி லிஃப்ட் வாசலில் புதுப் பிளானைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம்.

"வராந்தா நீளம் என்ன போட்டிருக்கு மச்சான்?"

அவர் நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"பதிமூணு அறுபது" என்றார்.