ஜினோவுக்காக நேர்ந்துகொண்ட வெள்ளிக் கால்

இங்கே அமெரிக்காவில் எங்கள் அபார்ட்மென்டில் சாமிக்குத் தனி அறை கிடையாது. துண்டும் போர்வையும் வைக்கிற க்ளாசெட்டின் மேல்தட்டில்தான் வைத்தீஸ்வரனும் தையல்நாயகியும் முத்துக்குமார சுவாமியும் படமாக இருக்கிறார்கள். 1997-ல் துண்டையும் போர்வையையும் வெளியே எடுத்துவிட்டு அந்தக் கதவைச் சாத்தினேன். ஒரு வருஷம் திறக்கவே இல்லை.

எட்டாம் மாதத்தில் என் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனான். நர்ஸ் போர்வையில் சுற்றிக் கையில் கொடுத்தாள். நல்ல கனமாக இருந்தான். ஊரிலிருந்து மாமியார் போனில், "அதைப் பத்தி இனிமே பேசாதம்மா, அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு என் கணவர் சேகரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. "எத்தனை குழந்தைங்க?" என்று யாராவது கேட்டால் "இன்னும் இல்லை" என்பேன். 

வைத்தீஸ்வரன் எங்கள் குலதெய்வம். நாலாயிரத்துச் சொச்சம் வியாதியைத் தீர்ப்பவன் என்று பெயர். என் பிள்ளைக்கு ஒரு மூச்சு கொடுக்க அவனுக்கு வக்கில்லை. அப்படித்தான் அப்போது திட்டினேன். பஜனைக்கு வந்திருக்கும் நீங்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். வெஸ்ட் வின்ட்சரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. அடுத்த கோடையில் அங்கே வந்தவர்தான் ஜினோ. முப்பத்துமூன்று வயது இத்தாலிக்காரர், புரொபஷனல் ஃபுட்பால் பிளேயர். பதினாறு வயதில் ஊர் டீமில் ஆரம்பித்து, பெரிய டிவிஷனில் சில வருஷம், பிறகு சின்ன டிவிஷன், கடைசியில் அமெரிக்கா. டிஃபெண்டர். தங்கள் கோல் போஸ்டுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிக்கிற வேலை. கோல் விழாமல் பார்த்துக்கொள்பவனுக்கு யார் கைதட்டுகிறார்கள்?

"மொத்தம் எத்தனை கோல் போட்டிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு. அதுல ஒண்ணு எங்க போஸ்டுக்குள்ளயே" என்றார், ஓட்டை இங்கிலீஷில். அந்த வருஷம் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முழங்காலில் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. கான்ட்ராக்டில் ஒரு சீசன் மிச்சம். "அந்த ஒரு சீசன் ஆடணும் ஹேமா. அப்புறம் ஊருக்குப் போய் பசங்களுக்குக் கோச் பண்ணுவேன்" என்பார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் செய்தார்.

ஒருநாள் காலையில் அவர் காலைத் தொட்டேன். கை சுட்டது. முழங்கால் வீங்கிச் சிவந்து கிடந்தது, உடம்பில் நடுக்கம். அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தது. திறந்து கழுவினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடி கழுவினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு தடவை கழுவிப் பார்ப்போம், அதற்கும் அடங்காவிட்டால் உயிரைக் காப்பாற்றத் தொடையோடு காலை எடுக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

வேலை முடிந்து பார்க்கப் போனேன். இத்தாலியிலிருந்து அவருடைய அம்மா வந்து இறங்கியிருந்தார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. கட்டிலோரம் உட்கார்ந்து ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஜினோவுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது.

"காலை எடுத்துட்டு என்னை எதுக்குப் பொழைக்க வைக்கறாங்க?" என்று கேட்டார். 

அந்த அம்மா என்னைப் பார்த்து, கைகளால் தொட்டில் ஆட்டுவதுபோல் காட்டி, கண்ணால் கேட்டார். உனக்குப் பிள்ளை இருக்கா? வழக்கமான பொய்தான் வரும் என்று நினைத்தேன். "ஒருத்தன். இறந்துட்டான்" என்று வந்துவிட்டது. ஜினோ அதை அவர்கள் பாஷையில் சொன்னார். அம்மா ஜபமாலையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து க்ளாசெட்டைத் திறந்தேன். படங்களில் தூசி. துடைக்கக்கூட இல்லை, நின்றபடியே சண்டை போட்டேன். "எனக்குன்னு உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன். கேட்டு அவமானப்பட்டது போதும். அந்த அம்மாவுக்கு அவ புள்ளையோட காலைக் குடு. வெள்ளிக்கால் வாங்கி வந்து உன் உண்டியல்ல போடறேன்." வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை மஞ்சளில் நனைத்து, ஒரு குவார்ட்டர் காசை முடிந்து படத்துக்கு முன்னால் வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆபீஸ் முடிந்து ரயிலை விட்டு இறங்கி வந்த சேகர் பயந்துவிட்டார். "யாரோ ஒரு ஃபுட்பால் பிளேயருக்கா இவ்ளோ அழற?"

"அவருக்கு மட்டும் இல்லைங்க."

அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை போன பிறகு அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

கடைசித் தடவையாகக் கழுவிய மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. காலை எடுக்க வேண்டாம் என்றார்கள். டாக்டர்களின் கைக்குள் இருந்து செய்தவன் வைத்தீஸ்வரன்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கேளுங்கள். சீழ் மூட்டைத் தின்றுவிட்டிருந்தது. முழங்கால் பாதிதான் மடங்கியது. இனி ஆட முடியாது என்று சொன்ன அன்று ஜினோ தன் பூட்ஸை கிளினிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதினேழு வருஷ ஆட்டம் அங்கே முடிந்தது. எனக்கு மறுபடி கோபம் வந்தது. நான் கால் கேட்டேன், கால் மட்டும் கொடுத்தான். கூட ஒரு சீசன் கொடுத்தால் வைத்தீஸ்வரன் குறைந்தா போய்விடுவான்?

குளிர்காலம் முழுக்க அவருக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தேன்.  சில நாள் வரவே மாட்டார். அடுத்த கோடையில், ஊருக்குத் திரும்பிப் போயிருந்த அம்மா மகனை அழைத்துப்போக மறுபடி வந்தார். இரண்டு பேரும் கிளினிக்குக்குச் சொல்லிக்கொள்ள வந்தார்கள். ஜினோ கைத்தடியோடு, சொந்தக் காலில் நடந்து வந்தார்.

கூச்சத்தோடு என் நேர்த்திக்கடனைச் சொன்னேன். எங்கள் சாமிக்கு வெள்ளியில் கால் செய்து போடுவோம் என்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஜினோ மொழிபெயர்த்ததும் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். அவர்கள் ஊர் மாதா கோயில் சுவர். சுவர் முழுக்க வெள்ளிக் கை, வெள்ளிக் கண், வெள்ளி இதயம் தொங்குகின்றன. நம் ஊர் வழக்கம் கடல் தாண்டி அங்கேயும் இருக்கிறது! அம்மா விரலால் காட்டினார். புதிதாக ஒரு வெள்ளிக் கால். அதை ஒட்டி, துணியில் சுற்றியதுபோல் ஒரு சின்ன வெள்ளிக் குழந்தை.

"கால் எனக்கு. குழந்தை உனக்கு" என்றார் ஜினோ.

எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

"பொறக்கப் போறதுக்கு இல்லை. போனவனுக்கு. அவனுக்கும் ஒரு இடம் வேணாமான்னு கேக்கறாங்க. பேர் என்னன்னு சொல்லு. வேண்டிக்கறப்போ சொல்லணுமாம்."

நான் கேட்க மாட்டேன் என்று வீம்பு பிடித்ததை, எனக்காக இன்னொருத்தி கேட்டிருக்கிறாள்.  பிறகு "முத்துக்குமரன்" என்றேன். அதுவரை அந்தப் பெயரை நான் யோசித்ததுகூட இல்லை. அந்த அம்மா பிரித்துப் பிரித்து, தப்புத் தப்பாக, விடாமல் சொல்லிப் பார்த்தார்.

மறுவருஷம் சேகரும் நானும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். சன்னதித் தெருவில் காலும் வாங்கினோம், குழந்தை உருவும் வாங்கினோம். "பாப்பாவுக்கு என்னம்மா? சீக்கிரம் நல்லாயிடும்" என்றாள் கடைக்காரி. சேகர்தான், "சரிம்மா" என்றார். இரண்டையும் உண்டியலில் போட்டோம்.

எங்களுக்கு இன்னும் அடுத்த குழந்தை பிறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு உங்கள் முன்னால் சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சி. ஜினோ ஊரில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பையன்களுக்கு மறிக்கக் கற்றுக்கொடுக்கிறார். எங்கள் க்ளாசெட்டில் தினமும் விளக்கு எரிகிறது. நான் இன்னும் சண்டை போடுகிறேன், ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

உங்களிலும் கதவைச் சாத்தியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகக் கேட்க வாய் வராவிட்டால் அடுத்த வீட்டுக்காரிக்காக ஒரு காசு முடிந்து வையுங்கள். உங்களுக்காக எங்கேயோ ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். நம்புங்கள், எனக்கு நடந்தது.

இப்போதும் பார்ட்டிகளில் ஆன்ட்டிகள் கேட்கிறார்கள், "எத்தனை குழந்தைங்கம்மா?"

"ஒருத்தன்" என்கிறேன். "பேரு முத்துக்குமரன்."