எதிரணியின் வலையில் நின்றவன்

ரெட்பைனில் ஏய்னோ லாதெலாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவனோடு பேசுகிறவர்கள்தான் குறைவு.

ஒன்டாரியோவின் வடக்கே, பாறையும் ஏரியும் ஊசியிலைக் காடுமாகக் கிடந்த இடத்தில் தங்கம் அகப்பட்டதால் உண்டான ஊர் அது. ரயில் பாதை அங்கேதான் முடியும். பின்லாந்திலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய அப்பா நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தார். அம்மாவும் போன பிறகு ஏய்னோ மரவீட்டில் தனியாக இருந்தான். பகலில் சுரங்கத்துக்குள் ஏறி இறங்கும் இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி, கதவைச் சாத்தி, கூடவே கீழே போய் வரும் வேலை. குளிர்காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஐஸ் ஹாக்கி.

ஆடுவதற்கு அல்ல. ஊர் அணிக்கு நல்ல கோல்கீப்பர் ஒருவன் இருந்தான். ஏய்னோ மாற்று ஆள். காலில் அடி தாங்கும் கனத்த பட்டைகளைக் கட்டிக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பான். அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஒரே கோல்கீப்பர். அவனுக்கு அடிபட்டால் உள்ளூர் மாற்று ஆள் இறங்க வேண்டும், அடிபட்டவன் எந்த அணியாக இருந்தாலும் சரி. வருஷக்கணக்காக யாருக்கும் அடிபடவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து ரெட்பைன் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி ஹாரோ லேக். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது பந்துக்குப் பதிலாக அடித்தாடும் ரப்பர் வட்டு பறந்து போய் ஹாரோ லேக் கோல்கீப்பரின் கன்னத்தைக் கிழித்தது. முகமூடி போடாத காலம். பனியெல்லாம் ரத்தம்.

ரெட்பைன் அணியின் மேலாளர் மெக்ரே ஏய்னோவிடம் வந்தார். "எந்திரிப்பா. அவங்க வலைக்குப் போ."

"அவங்களுக்கா நிக்கணும்?"

"விதி அப்படி. சும்மா போய் நில்லு, போதும்." கண்ணைச் சிமிட்டினார்.

ரெட்பைன் அணித்தலைவன் ரெமி சறுக்கிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனான். சின்ன வயசுச் சிநேகிதன். "டேய் ஏய்னோ, பழக்கதோஷத்துல கையக் கால நீட்டித் தொலைச்சுடாதடா. பீர் என் செலவு!"

ஏய்னோவும் சிரித்தான்.

முதல் அடி வந்தது. கை தானாகப் போய்த் தடுத்தது. நன்றாக நடிக்கிறான் என்று ஊரே சிரித்தது. அடுத்ததையும் தடுத்தான். அதற்கடுத்ததைக் காலால் உதைத்தான். சிரிப்பு மெல்ல நின்றது. அந்த அமைதியில் மறுபக்கம் ஹாரோ லேக் ஒரு கோல் போட்டது.

கடைசியில் ரெமி தனியாகப் பாய்ந்து வந்தான். ஏய்னோவின் கண்ணைப் பார்த்தான், இடது மூலைக்கு அடித்தான். ஏய்னோ அப்படியே விழுந்து வட்டை நெஞ்சுக்கடியில் அமுக்கிக்கொண்டான். ஆட்டம் முடிந்த ஊதல் ஒலித்தது. பெயர்கூடத் தெரியாத ஹாரோ லேக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் அவன்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். சொந்த ஊர் எழுந்து வெளியே போனது.

திங்கட்கிழமை கூண்டுக்குள் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். கீழே இறங்கும்போது ரெமி மட்டும் கேட்டான். "ஒரே ஒரு கோல் வுட்டிருந்தா என்னடா கொறஞ்சு போயிருப்ப?"

ஏய்னோ கூண்டுக் கதவைத் திறந்துவிட்டான். அதோடு ரெமியும் பேச்சை நிறுத்திவிட்டான். பீர்க்கடையில் ஏய்னோ உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைகள் காலியாகும்.

ஹாரோ லேக்கிலிருந்து ஒருவர் ரயிலேறி வந்தார். "எங்க ஊருக்கு வந்துடு தம்பி. வேலையும் தர்றோம், ராஜா மாதிரி வெச்சுக்கறோம்."

"நான் ரெட்பைன்காரன்ங்க," என்றான் ஏய்னோ. அது ஊர் காதுக்கும் போயிற்று. போயும் ஒன்றும் மாறவில்லை.

அதன் பிறகு அவன் மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஏரி உறைந்ததும் தன் வீட்டுக்கு முன்னால் பனியைத் தள்ளி இடம் பண்ணி, இருட்டும்வரை தனியாகச் சறுக்குவான். மைதானத்தின் ஆரவாரம் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துக் கேட்கும். கேட்காத நாட்களும் உண்டு.

தலை நரைத்த பிறகு ஒருநாள் சுரங்கத்தை மூடினார்கள். வீடுகளுக்குப் பலகை அடித்துவிட்டு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. மகனோடு சட்பரி நகரத்துக்குப் போகிற ரெமி, கிளம்புகிற அன்று காலை ஏய்னோவின் கதவைத் தட்டினான். தொப்பியைக் கழற்றாமலே நின்றான்.

"உள்ள வா. காப்பி இருக்கு."

பாதிக் கோப்பை காலியானது. பிறகு ரெமி, "இப்பவாவது சொல்லு. ஏன்டா புடிச்ச?" என்றான்.

"வுட்டுடலாம்னுதான் போனேன். அத்தன வருஷம் உக்காந்தே இருந்தேன்ல, அன்னிக்குத்தான் எனக்கு எதிரா ஒருத்தன் நெசமா அடிச்சான். எப்புடிடா வுடுவேன்?"

ரெமி கோப்பையையே பார்த்தான். "நல்ல அடிதான், இல்ல?"

"ரொம்ப நல்ல அடிடா."

ரெமி தலையாட்டினான். இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தான். வாசலில் கை கொடுத்தான், அப்புறம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தான்.

ரெட்பைனில் நான்கைந்து வீடுகளில்தான் அந்தக் குளிர்காலம் புகை தெரிந்தது. அவனோடு பேசக்கூடாது என்று நினைப்பவர் இப்போது யாருமில்லை, பேசுவதற்கும் யாருமில்லை. ஏய்னோ ஏரிக்குப் போய்ப் பனியைத் தள்ளத் தொடங்கினான்.