பதிவேட்டில் ஆறு தேன்மொழிகள்

ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரன் வீட்டுக்கு யாரும் சும்மா வருவதில்லை. கையில் ஒரு தாள் இருக்கும். ஓசூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் என் பெயர் தெரியாதவர்கள்கூட ‘மனு எழுதற சார் வீடு’ என்று கேட்டால் வழி காட்டிவிடுகிறார்கள். எந்த விண்ணப்பம் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று தெரிந்து வைத்திருப்பது அறிவா வியாதியா என்று இப்போதெல்லாம் எனக்கே சந்தேகம்.

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த பெண்ணும் தாளோடுதான் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். புடவைக்கு மேல் கம்பெனியின் நீலச் சட்டை. உட்காரச் சொன்னேன். உட்காராமல் தாளை நீட்டி, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது யாரு சார்?”

அது பிறப்புப் பதிவேட்டின் நகல். பாகலூர்ப் பக்கத்துக் கிராமம். பெண் குழந்தை, நான்காவது பிரசவம், பெயர் தேன்மொழி. கீழே பதிவாளரின் கையெழுத்து. அடிக்கோடு போட்டு, இரண்டு புள்ளியும் வைத்த அந்த ஆடம்பரமான கையெழுத்து என்னுடையது.

“அப்பா பேரு சரி, அம்மா பேரு சரி, தேதியும் சரி. என் பேரு மட்டும் வேற யாரோடதோ. நான் சாக்கம்மா. தாலுக்கா ஆபீஸ்ல கேட்டன். எழுதுனவரு ஓசூர்லதான் இருக்காரு, அவரையே கேளும்மான்னு அனுப்பிச்சாங்க.”

எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. வராத மாதிரி கண்ணாடியைத் துடைத்தேன்.

கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தமிழில் முதுகலை முடித்துவிட்டு, கல்லூரி வேலை கிடைக்காமல், நிலவரிக் கிஸ்து வசூலிக்க வந்தவன். பிறப்பு இறப்பு எழுதுவதும் என் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் தலையாரி வந்து யார் வீட்டில் என்ன பிறந்தது, என்ன பெயர் என்று வாய்மொழியாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன்.

பெண்களின் பெயர்களைக் கேட்கக் கேட்க எனக்குத் தாங்காது. குப்பம்மா என்றால் முன்னால் பிறந்த இரண்டு மூன்று தங்காமல் போன வீடு. குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் கிடத்தி எடுத்து, குப்பை என்றே கூப்பிட்டால் எமனுக்கு அதன்மேல் ஆசை வராது என்று நினைப்பு. பிச்சம்மா, சாமியிடம் மடியேந்திக் கேட்டு வாங்கியவள். கலெக்டரம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் பிறந்த அன்று ஊர் எல்லையில் கலெக்டரின் ஜீப் சேற்றில் சிக்கியது, அவ்வளவுதான் காரணம். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் ‘போதும்’ என்று பெயர். அப்படி வைத்தால் அடுத்தது பையனாம். தமிழில் போதும்பொண்ணு, தெலுங்கில் சாலம்மா, கன்னடத்தில் சாக்கம்மா. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்.

பாகலூர்ப் பக்கம் மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும். இந்தப் பெண்ணின் வீட்டில் மூன்று பெயரும் இருந்தன. மூத்தவளுக்குக் குலதெய்வத்தின் பெயர். அடுத்தவள் போதும்பொண்ணு, அதற்கடுத்தவள் சாலம்மா, நான்காவதாக இவர். ஒரே மனுவை மூன்று மொழியிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எந்தப் பிரிவிலாவது கோப்பை எடுக்க மாட்டார்களா என்று. பின்னால் இதை அலுவலகத்தில் சொல்லி நிறையப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அந்த வயதில் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. பெற்ற பெண்ணைப் போதும் என்று கூப்பிடுகிறவர்களுக்கு அரசாங்கம் துணை போகக் கூடாது என்று முடிவு செய்தேன். அரசாங்கம் என்றால் அந்த ஊரில் நான். தலையாரி சாக்கம்மா என்பார், நான் தேன்மொழி என்று எழுதுவேன். குப்பம்மா என்பார், அதற்கும் தேன்மொழி. வேறு ஒரு பெயர்கூட எனக்குத் தோன்றவில்லை. முதுகலை படித்ததன் லட்சணம். அந்த ஒரு வருடத்தில் அந்தச் சின்ன ஊரில் ஆறு தேன்மொழிகள் பிறந்தார்கள். ஆறு பேருக்கும் அது தெரியாது. சான்று வாங்க யாரும் வராத காலம் அது.

இந்தப் பெண் இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆதார் எடுத்த அன்று முகத்தைப் பார்த்து யாரோ ஒரு வருடத்தைத் தட்டிவிட்டார்கள். வயது ஐந்து கூடிவிட்டது. இத்தனை நாள் அது யாருக்கும் உறுத்தவில்லை.

“பதினோரு வருஷமா வயரிங் செக்சன்ல இருக்கன் சார். இந்த மாசத்தோட பழைய கான்ட்ராக்ட் முடியுது. புதுசா வர்றவங்க நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். கார்டுல நாப்பத்தேழு. நெசத்துல நாப்பத்திரண்டு. பொறந்த சர்ட்டிபிகேட்டு குடுத்தா ஒத்துக்கறன்றாங்க, ஆனா பேரு ஒண்ணா இருக்கணும். ஊட்டுக்காரரு பர்கூர்ல கல்லு குவாரிக்குப் போயி முதுகு போச்சு. நான் போனாத்தான் அடுப்பு எரியும்.”

மாதம் முடிய இருபத்து நான்கு நாள் இருந்தது.

“ஏன் சார் இப்படி எழுதுனீங்க?”

“அந்தக் காலத்துல தலையாரி சொல்றதத்தாம்மா எழுதுவோம்” என்றேன்.

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியின் குரல் வந்தது. “செத்துப்போன மனுசன் மேல பழியப் போடாதீங்க. ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் பேர் வெச்ச கதைய நீங்கதான என்கிட்டப் பெருமையாச் சொன்னீங்க.”

நாற்பது வருடம் குடும்பம் நடத்தினால் வீட்டிலேயே ஒரு ஆவணக் காப்பறை உண்டாகிவிடுகிறது. ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட கையோடு வழியும் சொன்னேன். அரசிதழில் பெயர் மாற்றம். ஒரு விண்ணப்பம், ஒரு உறுதிமொழி, இரண்டு புகைப்படம். ஆள் தெரிந்தால் மூன்று வாரத்தில் வெளிவரும். சாக்கம்மா ஆகிய நான் இனி தேன்மொழி என்று அழைக்கப்படுவேன். பதிவேட்டைத் தொடவே வேண்டாம். என் கையெழுத்துக்கும் பங்கம் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

“இன்னொரு வழி இல்லீங்களா?”

“இருக்கு. பதிவேட்டையே திருத்தறது. விசாரணை, அறிக்கை, உத்தரவுன்னு போகும். எனக்குத் தெரிஞ்சு மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சதில்ல. தேன்மொழி நல்ல பேரும்மா. சாக்கம்மான்னா என்ன அர்த்தம் தெரியுமில்ல? பொண்ணு போதும்னு வெச்சது.”

“அர்த்தம் தெரியாமயா நாப்பத்திரண்டு வருஷம் வெச்சிருக்கன்?” என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்தார். “எனக்கு முந்தின அக்காங்க ரெண்டு பேருக்கும் எங்கப்பா ஊட்ல வெச்ச பேரு. எங்கம்மா ஆனேக்கல் பக்கத்துப் பொண்ணு. என்னப் பெத்தப்ப ரத்தம் நிக்கலியாம், பொழச்சதே பெருசு. அஞ்சாவது ஒண்ணு பாக்கலாம்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. எங்கம்மா அதோட கன்னடத்துல ‘சாக்கு’ன்னுச்சாம். தானே பஸ் ஏறிப் போயி ஆபரேசன் பண்ணிக்கிச்சு. ஒரு மாசம் எங்கப்பா மூஞ்சி குடுத்துப் பேசலியாம். எங்கம்மா எதுத்துப் பேசுனது சார் அந்த ஒரு வார்த்ததான். அதத்தான் எனக்கு வெச்சுது. அத எழுதிக் குடுத்துட்டு இத வாங்கிக்கவா?”

“வேலை போயிடுமேம்மா.”

“போவாம பாருங்க சார். அதுக்குத்தான வந்தன்.”

அந்த வீட்டின் மூன்று மனுக்களில் கடைசியானதில் இருந்தது அம்மாவின் கையெழுத்து என்பது எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. தலையாரி சொன்னார், நான் அர்த்தம் தெரிந்தவன், அவ்வளவுதான்.

திருத்தத்தைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி இருந்தது. அதை நான் முதலில் சொல்லாமல் விட்டிருந்தேன். பதிவை எழுதியவரே தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்து, இரண்டு பேர் சாட்சி சொன்னால் கிராமத்தில் போய் விசாரிக்க வேண்டியதில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை, இருந்தாலும் எழுதித் தருவதில்லை. அதனால் அந்த வழியை யாரும் நினைப்பதில்லை.

மறுநாள் தாலுக்கா அலுவலகம் போனேன். இப்போதைய வட்டாட்சியர் ஒரு காலத்தில் என்னிடம் இளநிலை உதவியாளராக இருந்தவர். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எதுக்கு சார் இந்த வயசுல? கெஜட்ல போட்டுக்கச் சொல்லுங்க. பென்சன்ல கை வெச்சா?”

“நாலு வருஷத்துக்கு முந்தின விசயத்துக்கு வெக்க முடியாது. விதி இருக்கு.”

“விதியெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான். சரி, ‘கவனக்குறைவால்’னாவது போடுங்க. ‘என் விருப்பப்படி மாற்றி எழுதினேன்’னு யாராச்சும் எழுதுவாங்களா?”

“ஒரே வருஷத்துல ஆறு தடவ கவனம் குறைஞ்சுதுன்னா யாரு நம்புவா?”

“ஆறா!” அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “மீதி அஞ்சு பேரும் வந்தா?”

“இதே கடிதத்த அஞ்சு நகல் எடுத்து வெச்சுக்குங்க.”

சாட்சிக்கு நடு அக்காமார் இருவரும் வந்தார்கள். எழுத்தர் சத்தமாகப் பெயர்களைப் படித்தார்: போதும்பொண்ணு, சாலம்மா. அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். “சிரிங்க சிரிங்க, உங்க ஊட்ல எத்தன?” என்று போதும்பொண்ணு கேட்டதும் அடங்கினார்கள். அதற்குப் பிறகு கோப்பு அதன் வழக்கப்படி நடந்தது. ஒரு மேஜையில் நான்கு நாள், இன்னொன்றில் ஆறு நாள், ஒருவர் மைத்துனர் கல்யாணத்துக்குப் போய் வந்தார். நான் தினமும் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பத்து மூன்று வருடம் அந்தப் பெஞ்சில் மற்றவர்களை உட்கார வைத்தவன். பெஞ்சின் ஒரு கால் குட்டை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மாதத்தின் கடைசி நாள், மதியம் மூன்று மணிக்கு உத்தரவு கையெழுத்தானது. கம்பெனி அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதி, புதுச் சான்றை அவர் கையில் கொடுத்தார்கள்.

“சிவப்புல என்ன எழுதியிருக்குது சார்?”

படித்துக் காட்டினேன். “தேன்மொழி என்பது சாக்கம்மா எனத் திருத்தப்பட்டது. பதிவாளரின் பிழை.”

“அவ்ளோதானா? இந்த ஒரு வரிக்கா இருபத்திநாலு நாளு?” என்றார். சான்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையைச் சட்டைக்குள் வைத்து, ஷேர் ஆட்டோவைப் பார்த்து ஓடினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல்.

“எடுத்துக்கிட்டாங்க சார். புதுக் கம்பெனி கார்டுல பேரும் வயசும் சரியா வந்திருக்குது. புது சூப்பர்வைசரு தஞ்சாவூர்க்காரராம். இது என்ன பேரும்மா, என்ன அர்த்தம்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“லைன் ஓடுது சார், அப்பறம் சொல்றன்னுட்டு வேலையப் பாக்கப் போயிட்டன்.”