யாரும் திட்டாத அறை

எங்கள் தொண்டு நிறுவனத்தில் சக்கர நாற்காலி மெக்கானிக்கை ஸ்பேனர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருடமாகக் கீழே அந்தக் கொட்டகையிலேயே கிடக்கிறார். நடக்க முடியாதவர்களுக்கு நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் நாற்காலி எதுவும் அவர் கை படாமல் வாசலைத் தாண்டாது. வாயைத் திறந்தால் எரிந்து விழுவார். அதில் எனக்கும் அவருக்கும் போட்டி. ஆபீஸ் வேலை மொத்தத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள், நானும் லேசுப்பட்டவள் இல்லை.

நாற்காலி வாங்கிப் போனவர்கள் போனில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். பிரேக் பிடிக்கவில்லை, சக்கரம் கழன்றுவிட்டது, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்பார்கள். இவரும் பதிலுக்குக் கத்துவார். போனை வைத்ததும் விசிலடித்துக்கொண்டே வேலை பார்ப்பார். என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் புது இயக்குநர் வந்தார். நல்ல மனுஷர், அதுதான் பிரச்சினையே. ஊழியர்கள் ஏன் மனம் வெறுத்து வேலையை விடுகிறார்கள் என்று எங்கேயோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உங்களை வருத்துவது எது என்று அதில் கேட்டிருந்தது. ஓயாமல் வரும் புகார் போன் என்று அண்ணன் எழுதித் தொலைத்தார். எல்லோரும் அலுத்துக்கொள்வோமே, அந்த மாதிரிதான். இயக்குநர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

ஒரே வாரத்தில் அண்ணன் சூப்பர்வைசர் ஆனார். மாடியில் பழைய டயர் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து மேசையும் மின்விசிறியும் போட்டார்கள். கதவில் பலகை வேறு. புகார் கேட்கத் தனியாக ஒரு பெண், கொட்டகைக்கு இரண்டு புது மெக்கானிக்குகள். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் கையெழுத்து வாங்கப் போனேன். தன் சுழல் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு திருகாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் சுழல்கிறதாம், சும்மா பார்க்கிறாராம். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். பிறகு ஒரு நாள் என் மேசை முன்னால் வந்து நின்றார். தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும், ராஜினாமாக் கடிதம் அடித்துக் கொடு என்றார். இவரும் போய்விட்டால் இந்த இடத்தில் நான் யாரோடு சண்டை போடுவது? காரணம் என்னவென்று போட என்று கேட்டேன்.

"யாரும் திட்ட மாட்டேங்குறாங்கன்னு எழுத முடியுமா?" என்றார். "நாற்காலி உடைஞ்சா ஆள் வெளிய போயிருக்குன்னு அர்த்தம்மா. உடையாத நாற்காலில துணிதான் காயும்."

அடித்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தோடு அவர் இயக்குநர் அறையை எட்டுவதற்குள் வாசலில் ரகளை. நாலு மாதம் முன்பு அண்ணனிடம் நாற்காலி வாங்கிப் போன தையல்காரம்மா, முன் சக்கரம் கோணிப்போய் வந்திருந்தார். புகார் கேட்கும் பெண் பதினைந்து கேள்விகள் உள்ள படிவத்தை நீட்ட, அந்தம்மா அதைத் தட்டிவிட்டு, இதைச் செய்தவனைக் கூப்பிடு என்று தொண்டை கிழியக் கத்தினார். அண்ணன் திரும்பி வந்து, எந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டாய் என்று எகிறினார்.

"வீட்ல மருமகளோட சண்டை. கோச்சுக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கல்லு." சட்டென்று அந்தம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒன்பது வருஷமா கோபம் வந்தா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன்யா. நேத்துதான் கோச்சுக்கிட்டு வெளிய போனேன்."

நானும் அந்தப் பெண்ணும் தையல்காரம்மாவைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தோம். அண்ணன் கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்து, நாற்காலி உருளாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு அடியில் சொருகினார். பிறகு தரையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டார்.

சத்தம் கேட்டு வந்த இயக்குநர் பதறிப்போனார். "சூப்பர்வைசர் சார், நீங்க ஏன் கீழ படுத்திருக்கீங்க?"

"சூப்பர்வைசர் மாடில இருப்பார் சார், போய்ப் பாருங்க" என்றது நாற்காலிக்கு அடியிலிருந்து குரல்.

பாவம், அந்த மனுஷர் நிஜமாகவே இரண்டு படி ஏறிவிட்டார்.