ஆதம்பாவாக் காக்காவின் கச்சான் மேடு

நெல்லு விதைத்துப் பழகின ஆளிடம் போய் மேட்டுப்பயிர் வைக்கச் சொல்கிற உத்தியோகம், மீன்காரனிடம் ஆடு வளர்க்கச் சொல்கிற மாதிரி. ஐம்பதுகளில் கல்முனைப் பக்கம் விவசாயப் போதகனாகச் சைக்கிள் மிதித்தவன் நான். ஊருக்குப் புத்தி சொல்லிச் சோறு தின்கிற சகோதரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஜும்மாவுக்குப் பிறகு

அந்தச் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் இல்லை. நெல் விதைக்க வழியில்லை. ஜும்மா முடிந்து வந்தவர்களைப் பள்ளிவாசல் வெளியில் மறித்து, "மேட்டில் கச்சான் போடுங்கள், கொஞ்சத் தண்ணீர் போதும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஓட்டை உடைத்து வறுத்த கச்சான் கடலையைக் கொறிக்காத வாய் அந்தக் கூட்டத்தில் இல்லை. பயிரிட்ட கை ஒன்றுகூட இல்லை. எல்லாரும் நழுவிவிட்டார்கள். எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஆதம்பாவா மட்டும் நின்றார்.

"தம்பி, ஊட்டுல ஏழு வாய் இரிக்கி. உங்கட பேச்ச நம்பி ரெண்டு ஏக்கரையும் போடுறன். சரிவராட்டி உங்கட ஊட்டுக்குத்தான் சோத்துக்கு வருவம்."

வரம்பு

முளைத்து இரண்டு கிழமையில் நல்ல மழை. போய்ப் பார்த்தால், காக்கா நெல்வயலுக்குக் கட்டுகிற மாதிரி சுற்றிவர வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்! முகத்தில் பெருமை வேறு. செடியெல்லாம் வெளிறிப்போய் நிற்கிறது. "அல்லாஹ்வே, அழுகிப்போகுமே!" என்று காலில் போட்ட சப்பாத்தோடேயே இறங்கி, மண்வெட்டியைப் பறித்து வரம்பை வெட்டிவிட்டேன். காக்காவுக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

"பயிருக்குத் தண்ணி குடுக்காதெயெண்டு சொல்றதுக்கா கவுண்மெந்து உங்களுக்குச் சம்பளம் தருது?"

பூ

செடி தேறி மஞ்சளாகப் பூத்தது. "இனி மண்ணைக் கிளறாதீங்க, செடியைத் தொடாதீங்க" என்றேன். காக்கா கோழியைக்கூட உள்ளே விடவில்லை. பூ உதிர்ந்தது, கிளையில் காயைக் காணோம். தேத்தண்ணிக் கடையில் அவர் தலையைக் கண்டாலே கேலிதான்.

"காக்கா, அந்தப் பூவ வித்தாவது புள்ளைகளுக்குச் சோறு குடுங்க!"

வேலி

ஒரு காலை அந்தப் பக்கம் போனேன். காக்கா வேலியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியே அவருடைய மச்சானின் மாடுகள். காக்காவின் கண் சிவந்திருந்தது. "தம்பி, உங்கள நான் ஏசல்ல. இலையும் பழுத்துப்போச்சி. ஒரு காய் இல்ல. மாடாவது திங்கட்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் சொன்ன நான், கச்சான் எங்கே காய்க்கும் என்று சொல்லவேயில்லை!

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரோடு கொத்துக்கொத்தாகக் காய். காக்கா இன்னொன்றைப் பிடுங்கினார். இன்னொன்று. பிறகு மண்ணிலேயே குந்திவிட்டார். அவர் சிரிக்கிறார், கண்ணீர் தாடியில் வடிகிறது. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. பக்கத்தில் குந்தி நானும் சிரித்தேன். மாடுகள் திறந்த வேலியால் உள்ளே வந்ததை இரண்டு பேரும் காணவில்லை. காக்காவின் பெண்சாதி கதீசும்மாதான் கம்போடு ஓடிவந்தார்.

"சிரிச்சது போதும்! எழும்பி மாட்டத் தெரத்துங்க, அது திங்கிறது எங்கட சோறு!"

தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டோம் என்று போதகன் நிம்மதியாகச் சைக்கிள் மிதிக்கிற நேரத்தில்தான், எங்கேயோ ஒருவர் மாட்டுக்கு வேலியைத் திறந்துகொண்டிருக்கிறார்.