கைக்குத் தூளி கட்டிய டீச்சர்

மூன்று வருஷத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், அந்தமானில் மாயாபந்தர் படகுத்துறையில், நாங்கள் ஜெட்டி என்போம், ஆரம்பித்தது இது. என் கணவர் பயணிகள் படகு ஒன்றில் லஸ்கர். படகு கரையை நெருங்கும்போது கயிற்றைச் சுழற்றி ஜெட்டிக்கு வீசுவது அவர் வேலை. அன்று ஈரத்தில் கால் வழுக்கி, வலது முழங்கை அடியில் மாட்ட விழுந்துவிட்டார். எலும்பு முறிவு. நாலு வாரம் மாவுக்கட்டு.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மானம் போன கதையே அதில்தான் இருக்கிறது.

கட்டுப் பிரித்த அன்று, எலும்பு கூடிவிட்டது, இனிமேல் கையை மெதுவாக மடக்கி நீட்டிப் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பயிற்சிகள் எழுதிய தாளும் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரு முறை மடக்கிப் பார்த்தார். வலியில் முகம் சுண்டிப்போய், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு மனசு தாங்கவில்லை. ஒன்றும் வேண்டாம், பேசாமல் இருங்கள் என்று சொல்லி, என் பழைய துப்பட்டாவில் தூளி கட்டிக் கையை அதில் போட்டுவிட்டேன். தாள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் போனது.

அப்புறம் ஒரு மாதம் அந்தக் கைக்கு ராஜ உபசாரம்தான். சட்டை மாட்டிவிடுவது நான், சோறு ஊட்டுவது நான். வாரம் இரண்டு தடவை ஆட்டுக்கால் சூப். பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா தன் பங்குக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புவார். எல்லாம் எலும்புக்காக! தசை என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைவில்லை. நடுவில் இரண்டு தடவை இவர் தூளியை அவிழ்க்கப் பார்த்தார். கத்தி அடக்கினேன்.

அதே மாதத்தில்தான் வகுப்பில் எலும்பும் தசையும் பாடம் வந்தது. இங்கே பிள்ளைகளுக்குப் படகை வைத்துச் சொன்னால்தான் ஏறும். கயிறு படகை இழுக்கும், தள்ளாது. தசையும் அப்படித்தான். கையை மடக்க மேல்கையின் முன்பக்கத் தசை இழுக்கிறது, நீட்டப் பின்பக்கத் தசை இழுக்கிறது, ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கிறது, எலும்பு தானாக அசையாது என்று தமிழும் ஹிந்தியும் கலந்து வெளுத்து வாங்கினேன். மணி அடித்ததும் ஓடிப்போய் இவருக்கு மத்தியானச் சோறு ஊட்டினேன்.

இவருடைய ஆபீஸில் உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். கை சரியில்லை என்றால் படகு கிடையாது, கரையில் ஸ்டோரில் உட்கார வேண்டியதுதான். பதினெட்டு வருஷம் கடலில் இருந்த மனிதர். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிசியோதெரபி அறையில் இருந்தது சின்னப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இரண்டு கைகளையும் அருகருகே வைக்கச் சொன்னாள். தினமும் சட்டை மாட்டிவிட்ட எனக்கு அப்போதுதான் கண் திறந்தது. வலது கை அவ்வளவு இளைத்திருந்தது. நீட்டச் சொன்னாள், பாதியில் நின்றது. மடக்கச் சொன்னாள், வாய்வரை வரவில்லை.

"எலும்பு ஏக்தம் டீக், நல்லா கூடிடுச்சு. தசைதான் வத்திப்போச்சு, மூட்டும் ஜாம் ஆயிடுச்சு. கட்டுப் பிரிச்ச அப்புறமும் கையை ஏன் சும்மாவே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "என் சோம்பேறித்தனம்தாம்மா. இவ டெய்லி சொல்லுவா, நான்தான் கேக்கல."

அந்த நிமிஷம் நான் செத்தேன். "அவர் சொல்றது பொய்ம்மா. நான்தான் கட்டிப் போட்டேன். நான் சயின்ஸ் டீச்சர்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் கையைப் பிடித்து இவருடைய மேல்கையில் வைத்துவிட்டு, இவரை மடக்கச் சொன்னாள். உள்ளே ஏதோ மெல்ல இறுகுவது என் விரலில் தெரிந்தது. "இருக்கு பாருங்க தீதி, எங்கயும் போகல. வேலை குடுத்தா திரும்பி வரும். அவர் கஷ்டப்படறப்ப மட்டும் நீங்க கையை நீட்டிடாதீங்க" என்று அக்காவிடம் சொல்வது போலச் சொன்னாள்.

அதுதான் பெரிய கஷ்டம். ஆபீஸில் கெஞ்சிச் சான்றுக்கான கெடுவைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் பயிற்சி செய்தார். சாப்பிடும்போது சோறு வாய்க்குப் போகாமல் மடியில் சிந்தும். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டே, டீச்சரம்மா பாடத்தை நடத்துங்க என்று வேறு கிண்டல் செய்வார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு முன்பக்கத் தசை, பின்பக்கத் தசை என்று ஒப்பிப்பேன்.

மூன்று மாதம் கழித்துச் சான்று கிடைத்தது. இவர் படகுக்குத் திரும்பிய முதல் நாள், நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஜெட்டியில் போய் நின்றேன். படகு வந்தது. இவர் வீசிய கயிறு எட்டாமல் தண்ணீரில் விழுந்தது. பக்கத்தில் இருந்த லஸ்கர் கயிற்றை வாங்கக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. என் கைகள் இரண்டும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. ஈரக் கயிற்றை இழுத்துச் சுருட்டி, மறுபடி வீசினார். ஜெட்டியில் நின்றவர் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். தாளைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்த என் மடத்தனத்தையும் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஆனால் என்னைக் காப்பாற்ற இவர் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் இதுவரை சொன்னதில்லை, சொன்னால் வகுப்பு என்றும் பார்க்காமல் அழுதுவிடுவேன்.