வஹ்தான் முதலாளியின் ஓட்டம்

கெய்ரோவில் அத்தபா கடைத்தெருப் பக்கம் போனால், பெரிய மீசையும் தலைப்பாகையும் கணுக்கால் வரை தொங்கும் அங்கியுமாக ஒருவன், பெண்களின் இரவு உடைகளையும் உள்ளாடைகளையும் உயர்த்திப் பிடித்துக் கூவிக்கொண்டிருப்பான். அவன்தான் வஹ்தான். தெற்கே கிர்காவுக்குப் பக்கத்துக் கிராமத்தான். அந்த ஊரில் அடுத்த வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தால் ஆண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். வஹ்தானும் அப்படித்தான் வளர்ந்தான். விதி அவனை நேராகக் கொண்டுவந்து, முன்பின் தெரியாத பெண்களிடம் "உங்க அளவு இது இல்லம்மா, அடுத்தது" என்று சொல்லும் உத்தியோகத்தில் உட்கார வைத்தது. உட்கார என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அங்கே உட்கார இடம் கிடையாது.

காலையில் இரண்டு பழப்பெட்டி, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் ஒரு போர்வை. கடை திறந்தாயிற்று. ரிப்பன் வெட்ட மந்திரி வராததுதான் குறை. பிறகு நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கூவ வேண்டும். வருகிற பெண்கள் எலாஸ்டிக்கை இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்குமாக இழுத்துப் பார்த்துவிட்டு, "லூசா இருக்கே" என்பார்கள். கூட வரும் மாமியார்கள், "எங்க காலத்துல இதெல்லாம் யாரு போட்டா" என்று சரித்திரம் பேசி, பாதி படிந்த வியாபாரத்தையும் கலைப்பார்கள். மூத்திரம் முட்டினால் எதிர்ப்புறப் பள்ளிவாசலுக்குத்தான் ஓட வேண்டும். போகிற நேரத்தில் இடம் பறிபோய்விடுமே என்று வஹ்தான் கோடையில்கூடத் தண்ணீர் குடிக்கப் பயப்படுவான். சொந்தத் தொழில் செய்பவனுக்கு மேலதிகாரி கிடையாது என்பார்கள். உண்மைதான். சிறுநீரகம் ஒன்றுதான் அதிகாரம் செய்யும்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் பலதியா. நடைபாதையைக் காலி செய்ய லாரியோடு வரும் நகராட்சிப் படைக்கு அங்கே அதுதான் பெயர். தெருமுனையில் எவனாவது "பலதியா!" என்று கத்தினால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் தெரு முழுக்கப் போர்வைகள் மூட்டையாகி, மூட்டைகளுக்குக் கால் முளைத்துவிடும். வஹ்தானின் போர்வையில் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டியிருந்தது. ஒரே இழுப்பு, மூட்டை. அந்த இழுப்பில் அவனை மிஞ்ச அத்தபாவில் ஆளில்லை. ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியைச் சேர்க்காததால் எகிப்துக்கு ஒரு தங்கம் போயிற்று. மாட்டிக்கொள்கிறவர்களின் சரக்கு லாரியில் ஏறும். அவர்கள் நாட்டின் அழகைக் கெடுத்த குற்றவாளிகளாக மறுநாள் வெறுங்கையோடு வந்து நிற்பார்கள்.

ஊரில் வஹ்தானுக்கு வேறு பெயர். அங்கே அவன் "அத்தபாவில் கடை வைத்திருக்கும் வஹ்தான் முதலாளி." முதலில் அவன் சொன்னது, "அத்தபாவுல துணி வியாபாரம்" என்று மட்டும்தான். கடையை ஊராரே கட்டிக்கொடுத்தார்கள். பெருநாளைக்குப் போனபோது ஒருவர், "கடை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். வஹ்தான், "ரோட்டைப் பாத்த கடை" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அந்தக் கடையை நம்பித்தான் அவன் மகள் இப்திசாமுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. பையன் ஹம்தி, கெய்ரோவில் ஏதோ கம்பெனியில் விற்பனை அதிகாரி. பையனின் அப்பா தர்வீஷ், ஊரில் கரும்புத் தோட்டமும் கண்டிப்பும் உள்ள மனிதர். அவர் போனில் சொன்னார்: "வியாழக்கிழமை கண் காட்ட கெய்ரோ வரேன் வஹ்தான். மத்தியானம் உன் கடைக்கு வந்து ஒரு டீ குடிச்சுட்டு, கல்யாணத்தைப் பேசி முடிச்சிடலாம்."

வஹ்தானுக்கு அன்று தொழுகையில் ஓத வேண்டிய வசனமே மறந்துபோயிற்று. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஆனால் பொய்யை நேரில் வந்து பார்த்து, அதற்குள் உட்கார்ந்து டீ குடிக்கிறேன் என்றால் யார் என்ன செய்வது?

அவன் பலகை நின்றது ஹாஜி ஷுக்ரியின் ஜவுளிக்கடைக்கு நேர் முன்னால். ஹாஜி நல்ல மனிதர். பகலில் வாடிக்கையாளர்கள் காதுபட, "இந்த நடைபாதைக்காரப் பசங்க என் வாசலை அடைச்சுப் பொழைப்பைக் கெடுக்கறானுங்க" என்று திட்டுவார். சாயங்காலம் அதே பசங்களிடம் தன் கடையில் விலைபோகாத சரக்கை விற்கக் கொடுப்பார். அவரிடம் போய் வஹ்தான் கையைப் பிசைந்தான்.

"ஹாஜி, வியாழக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் உங்க நாற்காலியில நான் உக்காந்துக்கறேன். பொண்ணு கல்யாண விஷயம்."

"என் நாற்காலியா? அது எங்கப்பா உக்காந்த நாற்காலிடா."

"உங்கப்பாவுக்கு அல்லாஹ் சொர்க்கத்துல இதைவிடப் பெரிய நாற்காலி குடுப்பான், ஹாஜி."

ஹாஜி தாடியைத் தடவினார். வஹ்தானுக்கு அந்தத் தடவல் தெரியும். விலை சொல்லப் போகிறார். "பெருநாள் வாரத்துக்கு அந்த இடத்தை விட்டுடு. என் தங்கச்சி மகன் நிக்கட்டும்."

பெருநாள் வாரத்தில்தான் நடைபாதைக்காரன் வருஷம் முழுக்க இழந்ததைப் பிடிப்பான். அதை விடுவதும் ஒரு கையை வெட்டிக்கொடுப்பதும் ஒன்றுதான். வஹ்தான் இப்திசாமை நினைத்தான். சரி என்றான்.

வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட அங்கியும் அத்தரும் பளபளக்கும் செருப்புமாக வந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் சல்லடை விற்கும் உம்மு கலீலிடம் தன் பலகையை ஒப்படைத்தான்.

"மாப்பிள்ளை யாரு, உன் மருமகனா, நீயா?" என்றாள் அவள். "அத்தர் வாடை மூக்கைத் துளைக்குது."

"பாத்துக்கோ அக்கா, அவ்வளவுதான்."

"பாத்துக்கறேன், பாத்துக்கறேன். முதலாளி ஆனதும் எங்களை விரட்டிடாதே!"

வஹ்தான் ஹாஜியின் நாற்காலியில் உட்கார்ந்தான். முதுகுக்கு மெத்தை, தலைக்கு மேல் மின்விசிறி. முன்னால் கண்ணாடி போட்ட மேசை, அதன்மேல் விரித்த துணியில் புது உள்ளாடைச் சரக்கு. ஹாஜி உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வஹ்தானுக்கே சந்தேகம் வந்துவிட்டது, உண்மையில் இது தன் கடைதானோ என்று. வாசலை மறைத்து நின்ற நடைபாதைக் கும்பலைப் பார்த்து லேசாக எரிச்சல்கூட வந்தது. நாற்காலியின் மகிமை அது.

அப்போதுதான் தர்வீஷ் வந்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வஹ்தானைப் பார்த்துவிட்டார். தெற்கத்திக்காரனுக்குத் தலைநகரில் தன் ஊர் முகம் தெரிந்தால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. தன் ஊர்க்காரனைக் கூப்பிட அவர்களிடம் பாசமான ஒரு சொல் உண்டு: பலதியாத்தி. என் மண்ணின் ஆளே என்று அர்த்தம். தர்வீஷ் இரண்டு கைகளையும் தூக்கி, கரும்புத் தோட்டத்தின் அடுத்த கரைக்குக் கேட்கிற குரலில் கத்தினார்:

"யா பலதியாத்தி!"

அத்தபாவின் இரைச்சலில் கடைசி எழுத்தை யார் கேட்டார்கள்? தெருவின் காதில் விழுந்தது "பலதியா" மட்டும்தான். போர்வைகள் எழுந்தன. சல்லடைகள் பறந்தன. கோடாலித் தைலக்காரன், காலுறைக்காரன், சீப்புக்காரன் எல்லாரும் ஒரே திசையில் பாய்ந்தார்கள். உம்மு கலீல் தன் மூட்டையை ஒரு தோளிலும் வஹ்தான் மூட்டையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு மறைந்தாள். பெரிய மனசு அவளுக்கு.

வஹ்தான் கடைக்குள் இருந்தான். கடைக்காரனுக்கும் பலதியாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. தவிர, பலதியாத்தி என்ற சொல்லைத் தன் வாயாலேயே எத்தனையோ முறை சொன்னவன் அவன். இதையெல்லாம் யோசிக்கிற தலை மின்விசிறிக் காற்றில் சுகமாக இருந்தது. ஆனால் கைகள் அதற்குள் மேசைத் துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்துவிட்டன. கால்கள் வாசலைத் தாண்டிவிட்டன. ஹாஜி ஷுக்ரி சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது கடையில் நாற்காலி மட்டும் இருந்தது.

வஹ்தான் ஓடினான். பின்னால் யாரோ துரத்தும் சத்தம் கேட்டதும் இன்னும் வேகமாக ஓடினான். ஒரு பழைய கட்டடத்துக்குப் பின்னால், வழி முடிந்துபோகும் சந்துக்குள் புகுந்து படிக்கட்டில் விழுந்தான். துரத்தியவர் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் விழுந்தார். கையில் செருப்புகளோடு தர்வீஷ்.

"யாரு?" என்றார் அவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "யாரு யாரைக் கொன்னாங்க? எந்தக் குடும்பம் பழிவாங்க வந்திருக்கு?" தெற்கே ஒருவன் இப்படி ஓடினால், பழிக்குப் பழி என்று ஒரு குடும்பம் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

"பழியெல்லாம் இல்ல அண்ணே. பலதியா."

"எங்க?"

"நீங்கதானே கத்தினீங்க?"

"அடப்பாவி, நான் உன்னைக் கூப்பிட்டேன்யா!"

மூட்டையிலிருந்து ஒரு சிவப்பு நாடா வெளியே தொங்கியது. வஹ்தான் அதை உள்ளே தள்ளினான். "அவசர ஆர்டர் அண்ணே," என்றான். "ஒரு பெரிய இடத்து வீட்டுக்கு உடனே அனுப்பணும். வேலைக்காரங்க யாரும் இல்ல. அதான் நானே…"

"வஹ்தான்," என்றார் தர்வீஷ். "பயம்னா கடைக்காரன் ஷட்டரை இறக்குவான். சரக்கைத் தூக்கிட்டு ஓடமாட்டான்."

மறைத்து மறைத்துக் களைத்துப்போனவனுக்கு, பிடிபட்டால் ஒரு நிம்மதியும் வரும். "கடை என்னுது இல்ல," என்றான் வஹ்தான். "கடைக்கு முன்னாடி இருக்கற நடைபாதைதான் என்னுது. அதுவும் என்னுது இல்ல."

தர்வீஷ் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "காலையில ஹம்தியோட கம்பெனியைப் பாக்கலாம்னு போனேன். மேம்பாலத்துக்குக் கீழ, சிக்னல்ல நிக்குது அவன் கம்பெனி. கார் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் போன் சார்ஜர் விக்கறான். ஒரு டாக்ஸி நகந்துடுச்சு. மீதிச் சில்லறையைக் கையில வெச்சுக்கிட்டு அது கூடவே ஓடறான், குடுக்கறதுக்கு. பெத்த அப்பன் நிக்கறதுகூட அவன் கண்ணுல படல."

வஹ்தானின் மீசை துடித்தது. எழுந்து நின்றான். தெற்கத்தி ரத்தம் அத்தனையும் முகத்துக்கு ஏறியது.

"இல்ல அண்ணே. மன்னிக்கணும். தெருவுல விக்கறவனுக்கு என் பொண்ணைக் குடுக்க முடியாது!"

அடுத்தவன் கடைச் சரக்கு கையில், அத்தனையும் உள்ளாடை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இந்த வார்த்தையைச் சொன்னான். சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தான்.

"அப்புறம் அவனைப் பிடிச்சு நிறுத்தி நானும் இதையேதான் சொன்னேன்," என்றார் தர்வீஷ். "'தெருவுல விக்கறவனுக்கு வஹ்தான் முதலாளி பொண்ணு குடுப்பாரா'ன்னு கேட்டேன். சிரிக்கறான் பய. இப்திசாம்கிட்ட மொத நாளே எல்லாத்தையும் சொல்லிட்டானாம். அவளும் உன்னைப் பத்தி அவன்கிட்ட சொல்லிட்டாளாம். நீயா வாயைத் திறக்கட்டும்னுதான் நான் தெரியாத மாதிரி வந்தேன்."

"என்னைப் பத்தியா? அவளுக்கு என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீ போன்ல பேசறப்ப, பின்னாடி 'பலதியா'ன்னு கத்தறது கேக்குமாம். உடனே நீ 'வாடிக்கைக்காரங்க வந்துட்டாங்கம்மா'ன்னு போனை வெச்சுடுவியாம். அப்புறம் நீ மறுபடி கூப்பிடற வரைக்கும் அவ போனைக் கையை விட்டு இறக்க மாட்டாளாம். அடுப்புல சோறு கருகினாக்கூட எழுந்திருக்க மாட்டாளாம். ஊர்ல யாராவது உன் கடையைப் பத்திக் கேட்டா, 'எங்கப்பா கடையில மின்விசிறியே ரெண்டு இருக்கு'ன்னு சொல்றது யாருன்னு நெனைக்கற? அவதான்."

வஹ்தான் தலைப்பாகையின் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்று தர்வீஷும் நினைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் அவன் கட்டிய பொய்யை, உள்ளே யாரும் எட்டிப் பார்க்காதபடி அந்தப் பெண் வாசலில் நின்று காவல் காத்திருக்கிறாள். இவன் இங்கே வாடகை நாற்காலியில் அத்தர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதற்குப் பெருநாள் இடத்தையும் தாரை வார்த்தாயிற்று. ஹாஜி வாக்கு மாறுகிறவர் இல்லை, தனக்கு லாபம் வருகிற வாக்கில். இந்நேரம் அவர் தெருவில் நின்று "திருடன், திருடன்" என்று கத்திக்கொண்டிருப்பார். திரும்பிப் போய் மூட்டையை அவர் முன் வைத்து, எல்லார் எதிரிலும் அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவன் தொண்டையைச் செருமினான். "பையன் ஓடுவானா?"

"என்னது?"

"ஓட்டம், அண்ணே. பலதியா வந்தா ஓடிடுவானா, மாட்டிக்குவானா?"

தர்வீஷ் யோசித்தார். "டாக்ஸியையே பிடிச்சிட்டான்யா."

"அப்படின்னா சரி," என்றான் வஹ்தான். "ஃபாத்திஹா ஓதிடலாம்."

குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் கல்யாணப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு எவனும் மாற முடியாது. தர்வீஷ் அந்தப் படிக்கட்டிலேயே நேராக உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மேலே ஏந்தினார். வஹ்தானும் ஏந்த வேண்டும். அதற்கு மூட்டையைக் கீழே வைக்க வேண்டும். அவன் சந்தின் வாயை ஒரு முறை எட்டிப் பார்த்தான். பிறகு வைத்தான்.